கலியாண வீட்டுக்கு முதல் ஒரு யன்னல்

அன்புள்ள அண்ணா,

எனக்கு வயது 26. ஊர் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி. ஒரு ஸ்டூடியோவுக்காகக் கலியாண வீடுகளுக்கு இரண்டாவது கமெராவாகப் போய் வருகிறேன். தாலிகட்டு, அறுகரிசி, ஆரத்தி ஒன்றையும் தவறவிடாமல் எடுத்துவிடுவேன். ஆனால் மாப்பிள்ளையையோ பொம்பிளையையோ தனியாக நிறுத்தி எடுக்கும் படங்கள் எனக்கே பிடிப்பதில்லை. முகம் தட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் விறைத்துப்போய் இருக்கும். என்னிடம் இருப்பது பழைய நிக்கோன் கமெராவும் அதனோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸும்தான். அம்மா தன் காப்பை ஈடு வைத்து, புல்பிரேம் கமெராவும் 85 மி.மீ. லென்ஸும் வாங்கித் தருகிறேன் என்கிறா. முகங்களை வெளுப்பாக்கித்தான் அல்பம் கொடுக்க வேண்டும் என்று ஸ்டூடியோவில் சொல்கிறார்கள். அடுத்த வருடம் தனியாகத் தொழில் தொடங்க ஆசை. முகங்களை நன்றாக எடுக்க எங்கிருந்து தொடங்குவது?

க., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தச் சாமான்கள் வட்டி கட்டி வாங்கும் விலையில் இல்லை. அதைவிட முக்கியம், நீங்கள் ஏங்குகிற 85 ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. உங்கள் கமெராவில் வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சர் புல்பிரேமினதைவிடச் சிறியது. நிக்கோனில் அந்த அளவுக்கு லென்ஸின் எண்ணை ஒன்றரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 55இல் வைத்தால் புல்பிரேமில் 82 வைத்த பார்வை கிடைக்கும். மூக்கும் காதும் எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். 18இல் வைத்துக்கொண்டு முகத்துக்குக் கிட்டப் போனால் மூக்குப் பெருக்கும், காதுகள் பின்னுக்கு ஒதுங்கும். ஆறேழு அடி தள்ளி நின்று 55இல் எடுத்தால், எதிரில் இருந்து கதைக்கும்போது நாம் பார்க்கிற முகம் படத்தில் வரும். பின்னணி அவ்வளவாகக் கரையாது, உண்மைதான். பின்னணி கரைந்து முகம் மட்டும் செத்துக் கிடக்கிற அல்பங்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் பாவித்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்குங்கள், துளை 1.8 வரை அகலத் திறப்பது. அதில் ஏஎப்-எஸ் என்று இருக்கிறதா பாருங்கள், குவிக்கும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். ஏஎப்-டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் நிக்கோனின் 3000, 5000 வரிசைக் கமெராக்களில் அது தானாகக் குவியாது. சாமான் பற்றி இவ்வளவு போதும்.

ஒரு மாதம், ஒரே யன்னல், ஒரே ஆள். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் பயிற்சி. வீட்டில் தினமும் பார்க்கிற ஒருவரை யன்னலோரம் கதிரையில் இருத்துங்கள். காலை ஏழு மணிக்கு எடுங்கள், பத்துக்கு எடுங்கள், நான்கு மணிக்கு எடுங்கள். முகத்தை யன்னல் பக்கம் முழுவதும் திருப்பினால் தட்டையாகிவிடும். பாதி திருப்பினால் மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்து முகத்துக்குத் திரட்சி வரும். நிழல் பக்கம் இருண்டால் கொடியில் கிடக்கிற வெள்ளை வேட்டியை எடுத்து அந்தப் பக்கம் தொங்கவிடுங்கள். கண்ணின் கருமணியில் யன்னல் சின்னதாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு படத்திலும் தேடுங்கள். நீங்கள் 'முகம் செத்துப்போய் இருக்கிறது' என்று நினைக்கிற படங்களில் பெரும்பாலும் அந்த ஒளிப்பொட்டு இருக்காது.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பிரித்தானியப் படப்பிடிப்பாளர் அம்மையாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1863இல், 48ஆவது வயதில்தான் அவருக்கு முதல் கமெரா கிடைத்தது, மகள் கொடுத்த பரிசாக. வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக மாற்றி, வேலைக்காரப் பெண்களையும் அயலவர்களையும் திரும்பத் திரும்ப இருத்தி எடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்தார். இங்குள்ள தொழிலாளர்களையும் எடுத்தார். 1879இல் இங்கேயே காலமானார். தெரிந்த முகங்கள், ஒரு பக்கத்து வெளிச்சம். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எடுத்தவற்றை இன்றும் உலகம் பார்க்கிறது.

ஒரே ஆளை ஏன் எடுக்கச் சொல்கிறேன்? கலியாண வீட்டில் உங்களுக்கு நேரம் கிடையாது. முகூர்த்தம் நெருங்கும், ஐயர் கூப்பிடுவார், வீடியோக்காரர் லைற்றைத் தூக்கிக்கொண்டு நடுவில் வருவார். பொம்பிளையோடு தனியாகப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தப் பத்து நிமிடமும் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தை எப்போது பார்ப்பீர்கள்? வெளிச்சம் உங்களுக்குக் கைப்பழக்கமாகியிருந்தால், அறைக்குள் நுழைந்ததும் கதிரையை எங்கே போடுவது என்று கால் தானாகப் போகும். மிச்ச நேரம் முழுவதும் அவவோடு கதைக்கலாம்.

இப்போது வெளுப்பாக்குவது பற்றி. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கோடாக் கொம்பனி 1950களில் இருந்து, நிறம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக படம் கழுவும் ஆய்வுகூடங்களுக்கு ஓர் அட்டை கொடுத்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்பார்கள். அந்தத் தோலுக்குச் சரிசெய்த பிலிமில் நம் முகங்கள் கரியாகவும் சாம்பலாகவும் வந்தன. மண்ணிறங்கள் சரியாக வரவில்லை என்று தளபாடக் கொம்பனிகளும் சொக்லேட் கொம்பனிகளும் முறையிட்ட பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள். இன்று உங்கள் கையிலிருக்கும் கமெராவுக்கு அந்தக் குறை இல்லை. நம் நிறத்தை அது ஒழுங்காகவே பிடிக்கும். பிறகு நாமே கணினியில் உட்கார்ந்து அதை அழிக்கிறோம். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். சேலையின் கரை, நகை எல்லாம் அப்படியே இருக்கும், பிள்ளையின் நிறத்தை மட்டும் காணாது. தன் முகம் சரியில்லை என்று அவவுக்கு அவவின் கலியாண அல்பமே சொல்லிக்கொடுக்கிறது.

'வெளுப்பாக்குங்கள்' என்று கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது 'என்னை இருட்டாக்காதே' என்பதைத்தான். அதற்கு மருந்து கமெராவிலேயே இருக்கிறது. கமெரா முன்னால் தெரிகிற எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்து வெளிச்சத்தை அளக்கும். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாய் நின்றால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். ஆகவே ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கிற புள்ளி அளவையில் வைத்துக் கன்னத்தை அளவிடுங்கள், சட்டையை விட்டுவிடுங்கள். கறுத்த தோலுக்கு அழகைக் கொடுப்பது அதன்மேல் படுகிற மினுக்கம். பெரிய, மெல்லிய வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் நெற்றியிலும் கன்னத்திலும் அது பரவி நிற்கும். பிளாஷை நேரே அடித்தால் அதே மினுக்கம் எண்ணெய்த் திட்டாகும். பிளாஷைக் கூரைக்கு அடிக்கச் சொல்லும் வீடியோக்கள் நம் வீடுகளுக்குச் சரிவராது. ஓட்டுக் கூரையிலும் சீற் கூரையிலும் பட்டுத் திரும்ப அங்கே வெள்ளைத் தட்டு இல்லை. பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருந்தால் அதில் அடியுங்கள். நீலச் சுவர், சிவப்புப் பந்தல் துணி, மாமர நிழல் மூன்றும் முகத்தில் தங்கள் நிறத்தைப் பூசும். அதைக் கணினியில் திருத்துவதைவிட ஆளை நான்கு அடி தள்ளி நிறுத்துவது இலகு.

விறைப்புப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் பகுதியில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கே ஒரு தலைமுறைக்குத் தன்னந்தனியாக எடுத்த படம் என்றால் அது தேசிய அடையாள அட்டைப் படம்தான். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அந்தப் படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். கமெராவைக் கண்டதும் தோளை நிமிர்த்தி, வாயை மூடி, நேரே பார்க்கிற பழக்கம் அப்படி வந்தது என்றே நான் நினைக்கிறேன். பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே நிற்கிறார்கள். 'சிரியுங்கள்' என்று சொன்னால் இன்னும் இறுகும். கைக்கு வேலை கொடுங்கள். வெற்றிலை மடிக்கட்டும், தங்கையின் தலையில் பூ வைக்கட்டும், சால்வையைச் சரிசெய்யட்டும். கமெராவை இறக்கிவைத்துவிட்டு எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேளுங்கள். மருதமுனையில் கைத்தறி நெய்கிறவர்களிடமும், நாவலடியில் வலை பொத்துகிறவர்களிடமும் அனுமதி கேட்டுப் பழகுங்கள். வணக்கம் சொன்னதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஒரு நல்ல முகம், அது உங்கள் கணக்காக இருக்கட்டும்.

கலியாண வீட்டில் முதல் முகங்கள் அம்மம்மாவும் அப்பப்பாவும். கூட்டப் படத்தில் ஓரமாக நிற்க வைத்து இறக்கிவிடாதீர்கள். நம்மூரில் பலருக்கு வாழ்நாளில் கிடைக்கிற ஒரே நல்ல படம் யாரோ ஒருவருடைய கலியாணத்தில் எடுத்தது. கண்ணீர் அஞ்சலிக்கும் அதைத்தான் வெட்டி எடுக்கிறார்கள், பக்கத்தில் நின்றவரின் தோளோடு சேர்த்து. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடியிலும் சாய்ந்தமருதிலும், போன பிள்ளையின் முகத்துக்காக உறவினர் வீட்டு அல்பங்களைப் புரட்டியவர்கள் உண்டு. மண்டபத்துக்குள் யன்னலோ வாசலோ இருக்கிற இடத்தில் ஒரு கதிரை போடுங்கள். சாப்பாட்டுப் பந்திக்கு முதல் வயதானவர்களை ஒவ்வொருவராக இருத்தி எடுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் காசு தரமாட்டார்கள். எடுங்கள்.

வெளிப்புறப் படங்களுக்கு நம் கரையின் வெளிச்சத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் விழுகிறது. மாலை நான்கரைக்குக் கல்லடிக் கடற்கரையில் நின்று சூரிய அஸ்தமனம் தேட முடியாது. ஆனால் வெயில் முதுகுப் பக்கம் மரங்களுக்குப் பின்னால் போனதும், ஜோடியைக் கடலைப் பார்த்து நிறுத்தினால் முன்னாலுள்ள முழு வானமும் ஒரு பெரிய யன்னலாகிவிடும். பொன்வெயில் வேண்டுமென்றால் வாவிக்கரைக்குப் போங்கள். இருட்டு இங்கே சுறுக்காய் விழும், தாமதிக்க முடியாது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அந்த நேரம் வெளியே எடுத்தால் கண்குழி இரண்டும் கறுப்பாய்ப் போகும். வீட்டு விறாந்தைக்குள் வாருங்கள்.

ஒரு விஷயம் தொழில் தொடங்குமுன். காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கங்களில் பொம்பிளையின் படம் வெளியே போகக் கூடாது என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. எடுக்கும் ஆளும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பார்கள். படப்பிடிப்புப் பழகிய பெண் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யப் பாருங்கள். எந்த வீட்டுப் படமானாலும் விளம்பரத்துக்குப் போடுமுன் கேளுங்கள்.

ஸ்டூடியோ முதலாளியோடு சண்டை பிடிக்க வேண்டாம், அது அவருடைய கடை. தனியாகத் தொடங்கும்போது முதல் பேச்சிலேயே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்: பருவும் வியர்வையும் எடுக்கலாம், நிறத்தை மாற்ற மாட்டேன். ஒரு படத்தை அச்சிட்டே கொண்டுபோய்க் காட்டுங்கள். சில ஓடர்கள் கைவிட்டுப் போகும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

யன்னலோரம் எடுத்தவற்றில் ஆறு படங்களை எனக்கு அனுப்புங்கள், உங்களுக்குப் பிடித்தது மூன்று, பிடிக்காதது மூன்று. போனில் வேண்டாம், எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் அச்சிட்டுத் தபாலில் போடுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தது, யன்னலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா