கீழ் போர்ஷனில் கூத்து: வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: குன்னூர் நகராட்சிக்குள் ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். நானும் வயதான மாமியாரும்தான். கணவருக்கு வெளியூரில் வேலை. கீழ் போர்ஷனை எடுத்தவர் ஆறு மாதமாக அதை டூரிஸ்ட்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். சனிக்கிழமை வந்தால் விடிய விடிய பாட்டு, குடி, முற்றத்தில் கேம்ப் ஃபயர். மிச்சச் சாப்பாட்டைப் பின்பக்க ஓடையில் கொட்டுவதால் கரடி வாசல்வரை வருகிறது. தட்டிக் கேட்டதற்கு எங்களுக்கு வரும் தண்ணீர் வால்வை மூடிவிட்டார். டேங்க் அறைச் சாவி அவரிடம். கோவையில் இருக்கும் வீட்டுக்காரரோ, "நீங்களே பேசிக்குங்க, பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க" என்கிறார். அவர் வழிக்கு வரும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. கோபத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி (2017-ஆம் ஆண்டுச் சட்டம்), இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் உங்களைக் காலி செய்ய வைக்க அதுவே போதும். கூத்தடித்தவர் கீழேயே இருப்பார், நீங்கள் சாமான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வாடகையைத் தேதி தவறாமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 11 மாத முத்திரைத்தாள் எப்போதோ முடிந்து பீரோவில் கிடக்கிறது என்று ஊகிக்கிறேன். நம் மலையில் வாய்ப்பேச்சில் ஓடும் வீடுகள் ஏராளம். ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது சட்டம். அது இல்லாததையே காரணம் காட்டி வீட்டுக்காரர் உங்களை வெளியேற்றக் கேட்கவும் இடமிருக்கிறது. அதனால் சண்டைக்கு முன்னால், ஒப்பந்தம் போட்டுப் பதியலாம் என்று நீங்களே அவருக்கு எழுதிவிடுங்கள்.

கீழ் போர்ஷன்காரரைக் காலி செய்யச் சொல்லி நீங்கள் வழக்குப் போட முடியாது. வீட்டுக்காரரால் முடியும். வாடகை வீட்டை அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாகப் பயன்படுத்துவதை நோட்டீஸ் கொடுத்த பிறகும் நிறுத்தாதவரை அவர் வெளியேற்றலாம். எழுத்துச் சம்மதம் இல்லாமல் அடுத்தவருக்கு விட்டிருந்தால் அது இன்னொரு காரணம். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். போனில் "பேசிக்குங்க" என்று நழுவியவர், கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதத்திலிருந்து அப்படி நழுவ முடியாது. டூரிஸ்ட் காசில் அவருக்கும் பங்கு போகிறதோ என்னவோ. அவர் பதிலைப் பார்த்தால் ஓரளவு புரிந்துவிடும்.

தண்ணீர் விஷயத்துக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். வீட்டுக்காரர் தானாகவோ பிறர் மூலமாகவோ குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கக் கூடாது. வால்வை மூடியது கீழ் போர்ஷன்காரர்தானே என்று அவர் சொல்லக்கூடும். கீழ் போர்ஷன்காரரிடம் சாவியை விட்டுவைத்திருப்பது யார்? அதையும் கடிதத்தில் எழுதுங்கள். துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே தண்ணீரைத் திறந்துவிட இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

சத்தத்துக்குப் போலீஸ்தான். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. நம் ஊரில் ஒரு மேட்டில் போட்ட பாட்டு எதிர் மேட்டில் தூங்குபவரையும் எழுப்பும். ஆகவே தொல்லை உங்களுக்கு மட்டும் இருக்காது. பாட்டு ஓடும்போதே 100-க்குக் கூப்பிடுங்கள். மறுநாள் ஸ்டேஷனில் எழுத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நாலு வீட்டார் சேர்ந்து கையெழுத்திட்டால், பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவில் பொதுத்தொல்லை என்று கோட்டாட்சியரிடமும் போகலாம். குடித்துவிட்டு வருபவர்கள் உங்களிடம் ஆபாசமாகப் பேசினால் அது தனிக் குற்றம், தனிப் புகார்.

கரடியை லேசாக விடாதீர்கள். உணவுக் கழிவின் ருசி கண்டது திரும்பத் திரும்ப வரும். நகராட்சிக்கு ஒரு மனு, வனத்துறைக்கு ஒரு நகல். அங்கே ஆட்களைத் தங்கவைக்க அனுமதி இருக்கிறதா என்ற கேள்வியையும் அதே மனுவில் போடுங்கள். என் அனுபவத்தில், சத்தத்துக்கு அசையாதவர்கள் இந்தக் கேள்விக்கு அசைவார்கள்.

வீடியோ எடுத்தால் எடுத்த போனிலேயே அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலைக் கோர்ட்டில் ஏற்க வைப்பது சிரமம். முற்றமும் ஓடையும் போதும். அறைக்குள் இருப்பவர்களைப் படம் பிடித்தால் புகார் உங்கள்மேல் திரும்பும்.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் முன்சீப் கோர்ட்டில் நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போடலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் உங்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். போகும்போது வாடகை கட்டிய வங்கிக் கணக்கு விவரம், ஸ்பீட் போஸ்ட் ஒப்புகை, சி.எஸ்.ஆர். ரசீது மூன்றையும் எடுத்துப் போங்கள்.