ஒரு ‘ஆம்’ வாக்கும் பதினோராயிரம் கடிதங்களும்

‘அமெரிக்கப் பழமைவாத அரசியல்வாதி ஒருவரின் வாக்குகளைப் படித்த பிறகு அவரைப் பற்றிய உங்கள் கருத்து மாறியது உண்டா?’ என்பது கேள்வி.

உண்டு. வட கரோலைனா மாநிலத்தின் மூன்றாவது தொகுதியிலிருந்து 1995 முதல் 2019 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் இருந்த, குடியரசுக் கட்சியின் வால்டர் ஜோன்ஸ்தான் அவர். கருக்கலைப்பு, ஒருபால் திருமணம் போன்ற பல விஷயங்களில் அவருக்கு நேரெதிரான கருத்து உடையவன் நான். இருந்தும் அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

முதன்முதலில் அவர் பெயரைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 2003 மார்ச் மாதம், ஈராக் போர் தொடங்கப் பத்து நாள்கூட இல்லாத நேரம். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையில் பிரான்ஸ் அந்தப் போரை எதிர்த்து நின்றது. அந்த ஆத்திரத்தில் பிரதிநிதிகள் அவையின் உணவகங்களில் ‘ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்’ என்ற பெயரை நீக்கிவிட்டு ‘ஃப்ரீடம் ஃப்ரைஸ்’ என்று எழுதி வைத்தார்கள். தன் தொகுதியில் ஓர் உணவகக்காரர் செய்ததைப் பார்த்து அந்த யோசனையை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தவர் ஜோன்ஸ். ஒஹாயோ மாநிலப் பிரதிநிதி பாப் நேயும் அவரும் சேர்ந்து அதை அறிவித்தார்கள். ஒரு நாட்டின்மீது குண்டு விழப்போகிற வாரத்தில் உருளைக்கிழங்கு வறுவலின் பெயரை மாற்றுகிற மனிதரை என்னவென்று எடுத்துக்கொள்வது? அத்தோடு அவரை ஒதுக்கிவிட்டேன்.

அதற்கு முன்பே, 2002 அக்டோபர் 10 அன்று, ஈராக் மீது படையெடுக்க அதிபர் புஷ்ஷுக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்துக்கும் அவர் ‘ஆம்’ என்றுதான் வாக்களித்திருந்தார். ஆதரவு 296, எதிர்ப்பு 133. குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர்கள் ஆறே பேர். அவர் தொகுதியில் கேம்ப் லெஜூன் மரைன் படை முகாமும் செரி பாயிண்ட் விமானத் தளமும் இருக்கின்றன. அங்கே வீட்டுக்கு வீடு ராணுவம்தான். அந்தத் தொகுதிக்காரர் போருக்கு எதிராகக் கை தூக்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு 2003 ஏப்ரலில் லெஜூன் முகாமில் ஓர் இறுதிச் சடங்கு நடந்தது. போரில் இறந்த ஒரு மரைன் சார்ஜண்ட்டுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. அவர் போர்முனைக்குப் போன பிறகு பிறந்தவர்கள் என்பதால் அவர் அவர்களைப் பார்த்ததே இல்லை. கணவர் எழுதிய கடைசிக் கடிதத்தை மனைவி வாசித்தார். அவர்களுடைய சிறுவன் ஒருவன் கையிலிருந்த பொம்மை கீழே விழ, சீருடையில் இருந்த ஒரு வீரர் மண்டியிட்டு அதை எடுத்து அவன் கையில் கொடுத்தார். இந்தக் குழந்தைக்குத் தன் அப்பா யாரென்றே தெரியாமல் போய்விடுமே என்ற எண்ணம் அந்தக் கணத்தில் தன்னை உலுக்கியதாக ஜோன்ஸ் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் கடிதம் எழுத ஆரம்பித்தார். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குத் தானே கையெழுத்திட்டு அனுப்பினார். பெற்றோருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று 11,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள். தன் வாக்குக்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் வழி அது என்றார். வாஷிங்டனில் அவருடைய அலுவலகத்துக்கு வெளியே நடைகூடச் சுவரில், லெஜூனிலிருந்து சென்று உயிரிழந்தவர்களின் படங்களை வரிசையாக மாட்டி வைத்தார். அவரைப் பார்க்க வருகிற எவரும் அந்த முகங்களைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அவருடைய வாக்குகளும் மாறின என்பதுதான் முக்கியம். 2005-இல், படைகளை விலக்கிக்கொள்ளக் காலவரையறை கேட்டு ஜனநாயகக் கட்சியினரோடும், போரை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர் ரான் பாலோடும் சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்தார். 2007 பிப்ரவரியில் ஈராக்குக்குக் கூடுதல் படைகளை அனுப்பும் திட்டத்தைக் கண்டிக்கும் தீர்மானம் 246-182 என்று நிறைவேறியபோது, அதை ஆதரித்த 17 குடியரசுக் கட்சிக்காரர்களில் இவரும் ஒருவர். சொந்தக் கட்சி அதிபர் பதவியில் இருக்கும்போது, ராணுவத் தொகுதிக்காரர் இப்படி வாக்களிப்பது லேசான காரியமில்லை. 2012 இறுதியில் கட்சித் தலைமை அவரை நிதிச் சேவைகள் குழுவிலிருந்தே நீக்கியது. உட்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடிக்க ஆள் நிறுத்தினார்கள். 2014 உட்கட்சித் தேர்தலில் நூலிழை வித்தியாசம் இல்லாவிட்டாலும் நெருக்கடியான போட்டிதான். தொகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை.

இதனால் அவர் இடதுசாரியாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்தான். ஆனால் அதே 2010-இல் வங்கிகளைக் கட்டுப்படுத்தும் டாட்-ஃபிராங்க் மசோதாவின் இறுதி வடிவத்தை ஆதரித்த மூன்றே மூன்று குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகளில் ஒருவர். 2017-இல் டிரம்ப்பின் வரிக்குறைப்பு மசோதாவை அவையில் 12 குடியரசுக் கட்சிக்காரர்கள் எதிர்த்தார்கள். மற்ற 11 பேரும் நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலத்தவர்கள். அங்கே மாநில வரி அதிகம். அதைக் கழித்துக்கொண்டு மத்திய வரி கட்டும் சலுகை மசோதாவால் அவர்கள் தொகுதி மக்களுக்குக் குறையும். ஜோன்ஸுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. நாட்டின் கடன் பெருகும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். கடனைப் பற்றி மேடைதோறும் பேசிய பலர் அன்று ‘ஆம்’ என்று வாக்களித்தார்கள். பழமைவாதி என்ற சொல்லுக்கு அன்று அவையில் உண்மையாக இருந்தவர் இவர் என்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2000 ஏப்ரலில் அரிசோனாவின் மரானாவில் இரவுப் பயிற்சியின்போது, ஹெலிகாப்டர்போல் சுழலிகளால் நேராக ஏறி இறங்கக்கூடிய ஆஸ்ப்ரே விமானம் விழுந்து 19 மரைன் வீரர்கள் இறந்தார்கள். மெதுவாகப் பறந்தபடி வேகமாகக் கீழே இறங்கும்போது சுழலி தான் கிளப்பிய காற்றுச் சுழலிலேயே சிக்கித் தூக்குவிசையை இழந்துவிடும். இந்த விமானத்தில் அந்த ஆபத்து எப்படி இருக்கும் என்பது அப்போது போதிய அளவு ஆராயப்படவில்லை. ஆனால் பழி விமானிகள்மேல் விழுந்தது. அந்த இருவரின் மனைவியருக்காக ஜோன்ஸ் ஆண்டுக்கணக்கில் பாதுகாப்புத் துறையின் கதவைத் தட்டினார். 2016-இல்தான் துணைப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் வொர்க் அந்தப் பழியை நீக்கினார். இரண்டு குடும்பங்களுக்காக இவ்வளவு காலம் அலைந்ததில் வாக்கு வங்கிக் கணக்கு எதையும் என்னால் காண முடியவில்லை.

‘மனம் மாறி என்ன பயன்? போர் நடந்துவிட்டதே’ என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நியாயமான கேள்விதான். அந்த 296-இல் ஒன்று ஜோன்ஸுடையது. ஈராக்கில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அவருடைய கண்ணீரால் ஆகப்போவது எதுவுமில்லை. ஆனால் அன்று ‘ஆம்’ என்றவர்களில் பலர் உளவுத்துறை தவறான தகவல் கொடுத்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். ஜோன்ஸ், உண்மையைத் தேடிப் படித்திருக்க வேண்டியது தன் கடமை, அதைத் தான் செய்யவில்லை என்றார்.

2018 பொதுத் தேர்தலில் போட்டியே இல்லாமல் ஜெயித்தார். உடல்நிலை மோசமாகிவிட்டதால் 2019 ஜனவரியில் சொந்த ஊரில் இருந்தபடியே பதவி ஏற்றார். அவருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதி பட்டர்ஃபீல்ட். பிப்ரவரி 10 அன்று, தன் 76-ஆவது பிறந்தநாளில், ஜோன்ஸ் காலமானார்.