மெக்கைவரும் சாக்லேட்டும் – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய ஆங்கிலத் தொடர்களைப் பற்றி எழுதும்போது ‘மெக்கைவர்’ தொடரைக் கொஞ்சம் தூக்கலாகவே புகழ்ந்திருந்தீர்கள், கையில் கிடைத்த பொருட்களை வைத்தே எந்தச் சிக்கலிலிருந்தும் தப்பிக்கிற நாயகன் என்று. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் மகனை உட்காரவைத்து முதல் அத்தியாயத்தைப் போட்டேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. கந்தக அமிலத் தொட்டியில் விரிசல் விட்டுக் கசிகிறது, அதை சாக்லேட் வைத்து அடைக்கிறார்! அடர் கந்தக அமில பாட்டிலுக்குப் பக்கத்தில் மாணவர்களை மூக்கை நீட்டக்கூட நான் விடுவதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். துப்பாக்கியைத் தொடவே மாட்டான் என்று எழுதியிருந்தீர்கள். ஆரம்பக் காட்சியிலேயே சுடுகிறார். அவருடைய நண்பர் பீட் தார்ன்டனாக வருபவர் என்று நீங்கள் சொன்ன நடிகர், இதில் வேறு பெயரில் வேறு ஆளாக வருகிறார். இந்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா? மகனுக்கு மேற்கொண்டு காட்டலாமா, இதோடு விட்டுவிடலாமா?

ச., கரூர்

அன்புள்ள ச.,

மூன்றும் சரி. வேதியியல் டீச்சரிடம் மாட்டிக்கொள்ளும் ஒரு நாள் வரும் என்று எனக்கும் தெரியும், இவ்வளவு சீக்கிரம் என்று எதிர்பார்க்கவில்லை.

பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஆனால் நான் கடைசியாகப் பார்த்த அத்தியாயம் இந்த முதல் அத்தியாயம்தான். கேபிள் வந்த புதிதில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில்தான் இணைப்பு இருந்தது. எந்த வீட்டில் இடம் கிடைக்கிறதோ அங்கே போய், எங்கே ஓடிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்து பார்ப்போம். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனால் அவன் கை என்ன செய்கிறது என்பது முழுதும் புரியும். ‘பேரிலேயே கை இருக்குடா’ என்று என் நண்பன் ஒருவன் சொல்வான். அதனால் மெக்கைவர் எப்படிப்பட்டவன் என்று நன்றாகத் தெரிந்த பிறகுதான், பல வருடம் கழித்து, அவன் எப்படி ஆரம்பித்தான் என்று பார்த்தேன். கல்யாணமாகி இருபது வருடம் ஆனபின் மாப்பிள்ளையின் பள்ளிக்கூட போட்டோவைப் பார்ப்பது போல. காது மட்டும் அதே காது.

அந்த அத்தியாயம் அமெரிக்காவில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1985 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பானது. பைலட் என்று அவர்கள் சொல்வது, நம் ஊர் ஜவுளிக்காரர் மொத்த வியாபாரிக்கு முதலில் கொண்டுபோய்க் காட்டும் சாம்பிள் துணி மாதிரி. பிடித்தால்தான் ஆர்டர். சாம்பிளில் கரை வேறு நிறத்தில் இருக்கும், ஓரம் மடித்துத் தைத்திருக்காது. கரூரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சாம்பிள் என்பதால் கையில் இருக்கும் எல்லாச் சரக்கையும் அதிலேயே விரித்துக் காட்டிவிடுவார்கள். ஐம்பது நிமிடத்துக்குள் அத்தனை தந்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதற்குக் காரணம் அதுதான்.

இந்தச் சாம்பிளை நெய்தவரே அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. இயக்கியவர் ஜெரால்ட் ஃப்ரீட்மேன். திரையில் வருவது ‘ஆலன் ஸ்மிதி’ என்ற பெயர். அப்படி ஒரு ஆள் கிடையாது. வெளிவந்த படம் தன்னுடையது இல்லை என்று ஒரு இயக்குநர் நினைத்தால், இயக்குநர் சங்கத்தின் ஒப்புதலோடு போட்டுக்கொள்ள வைத்திருந்த பொய்ப்பெயர் அது. 1969இல் வந்த ஒரு கௌபாய்ப் படத்தில் தொடங்கிய பழக்கம். ஆக, ஏழு சீசன், 139 அத்தியாயம் ஓடிய ஒரு தொடரின் முதல் அத்தியாயத்துக்கு அப்பன் பெயர் இல்லை. உங்கள் எரிச்சலுக்கு அந்தக் காலத்திலேயே துணை இருந்திருக்கிறது.

துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். மத்திய ஆசியாவில் எங்கோ ஒரு பாறை உச்சி, பிடிபட்ட விமானி ஒருவரை மீட்கப் போகிறான். அங்கே துப்பாக்கி கையில் வருகிறது, சுடவும் செய்கிறான். அந்தக் காட்சியை எழுதியபோது இவன் துப்பாக்கி தொடாதவன் என்பது எழுதியவர்களுக்கே தெரியாது என்பதுதான் என் எண்ணம். அது பிறகு வந்தது. ஏன் தொடமாட்டான் என்ற காரணம் இன்னும் பிந்தி, நான்காவது சீசனில் வந்தது: சிறு வயதில் நண்பர்கள் சேர்ந்து ஒரு துப்பாக்கியை வைத்து விளையாடியபோது அது வெடித்து ஒரு பையன் செத்துப்போனான். விஷயத்தை முதலில் வைத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுவது நாவல் எழுதுகிற எங்களுக்கும் பழக்கம்தான். ஒரே வித்தியாசம், நாங்கள் முதல் அத்தியாயத்தை அச்சுக்கு முன் திருத்திவிடுவோம்.

பீட் தார்ன்டனாக நடித்த டானா எல்கர் கதை இன்னும் எளிது. முதல் அத்தியாயத்தில் அவர் ஆண்டி கோல்சன் என்ற அதிகாரி, மேலே நின்று கவலைப்படுபவர். அந்த முகம் அவர்களுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். அதே சீசனில் பீட் தார்ன்டனாகத் திரும்ப வந்து கடைசிவரை இருந்தார். பின்னாளில் அவருக்கு நிஜமாகவே கண்ணழுத்த நோயால் பார்வை குறைந்தபோது, அதைக் கதையிலும் சேர்த்து பீட் தார்ன்டனுக்கும் பார்வை குறைய வைத்தார்கள். ஆளை மாற்றவில்லை. எனக்கு அந்தத் தொடர் மேல் மரியாதை வந்த இடங்களில் அது ஒன்று.

சரி, சாக்லேட்.

நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் வாத்தியார் அந்தச் சோதனையைச் செய்து காட்டினார். பீக்கரில் கால் பங்கு சர்க்கரை, அதன் மேல் அடர் கந்தக அமிலம். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு சர்க்கரை மஞ்சளாகும், பாகு நிறமாகும், சட்டென்று கறுக்கும். அப்புறம் ஆவி கக்கிக்கொண்டு ஒரு கரித்தூண் பீக்கருக்கு வெளியே எழுந்து வரும், புற்றிலிருந்து பாம்பு வருவது மாதிரி. பாகு தீய்ந்த வாடை வகுப்பு முழுக்க. சர்க்கரை மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 12, மீதியெல்லாம் நீராகச் சேரக்கூடிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். அமிலம் அந்த நீரை உறிஞ்சிக்கொள்ள, கரி மிஞ்சுகிறது. இதை உங்களுக்கே சொல்கிறேன், மன்னிக்கவும், மற்ற வாசகர்களுக்காக.

அத்தியாயத்தின் கதை இது: நியூ மெக்சிகோவில் பூமிக்கடியில் கீவா என்ற ஆய்வகம், அதற்குள் வெடிப்பு, விஞ்ஞானிகள் சிக்கியிருக்கிறார்கள், அமிலம் நிலத்தடி நீரை நோக்கிக் கசிகிறது. காஸ்டிக் சோடாவைக் கொட்டி அமிலத்தை முறித்துவிடலாம், ஆனால் உள்ளே உயிரோடு இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். அதற்கு முன் மெக்கைவர் போக வேண்டும். அந்த அவசரத்தில் அவன் சாக்லேட்டைப் பிரித்துத் துண்டு துண்டாக விரிசலில் வைக்கும்போது பின்னணிக் குரலில் சொல்வது உங்கள் பாடம்தான்: சாக்லேட்டில் சுக்ரோஸும் லாக்டோஸும் இருக்கின்றன, அமிலம் பட்டால் கரியும் பிசுக்கும் உண்டாகும், அது அடைத்துக்கொள்ளும். வினை உண்மை. அடைப்புதான் சந்தேகம். எங்கள் வாத்தியாரின் கரித்தூண் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. வினையில் கிளம்பும் சூடு வேறு. சாக்லேட்டில் இருக்கும் கோக்கோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும், அதாவது உங்கள் ஊரில் சித்திரை மாதம் பெட்டிக்கடைக் கண்ணாடி ஜாடியிலேயே உருகிவிடும். மயிரிழை விரிசலில் சொட்டுச் சொட்டாக வரும் கசிவு வேண்டுமானால் கொஞ்ச நேரம் நிற்கலாம். திரையில் காட்டுகிற அளவு நிற்காது. நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. உங்கள் மகன் அப்போது சிரித்து முடித்து எழுந்து போயிருக்கலாம். இடிபாட்டில் ஒரு இரும்பு உத்தரம் விழுந்து வழியை மறிக்கிறது. மெக்கைவர் சுவரில் இருக்கும் தீயணைப்புக் குழாயை இழுக்கிறான், தட்டையாகக் கிடக்கும் அந்தத் துணிக்குழாயை உத்தரத்துக்கு அடியில் நுழைக்கிறான், முனையில் முடிச்சுப் போடுகிறான், தண்ணீரைத் திறக்கிறான். குழாய் உப்புகிறது. உத்தரம் எழும்புகிறது. சாக்லேட் காட்சி உலகப் புகழ் பெற்றுவிட்டது, இதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு இந்த அத்தியாயமே இந்தக் காட்சிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாயில் தண்ணீரின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம், பெரிய கட்டடங்களில் அது கிடைக்கும். தட்டையான குழாய் 10 செ.மீ. அகலத்துக்கு, 50 செ.மீ. நீளத்துக்கு உத்தரத்தைத் தொடுகிறது. 500 சதுர செ.மீ. பெருக்கினால் மூன்றரை டன். குழாய் உருண்டையாக உப்ப உப்பத் தொடும் பரப்பு குறையும், முடிச்சில் கொஞ்சம் ஒழுகும், பாதியைக் கழித்துவிடுங்கள். அப்போதும் ஒரு கார் எழும்பும். லாரி பட்டறையில் எண்ணெய் ஜாக்கி செய்கிற அதே வேலைதான், பாஸ்கல் விதி. அந்தக் குழாய் அங்கே கிடப்பது தீயை அணைக்க. அதில் ஜாக்கியைப் பார்த்த கண் இருக்கிறதே, அடுத்த ஏழு வருடம் ஓடியது அந்தக் கண்தான். துப்பாக்கி, நண்பர், வேலை பார்க்கும் நிறுவனம் எல்லாம் பிறகு மாறின. இது மாறவில்லை.

நடிகர் ரிச்சர்ட் டீன் ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்ததிலும் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹென்றி விங்க்ளர் சொல்லியிருக்கிறார்: தேர்வுக்கு வந்த ஆண்டர்சன், வசனத்தைப் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாராம். வீரனாக நடிக்க வந்தவன் எழுத்து தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அங்கேயே முடிவாகிவிட்டது என்கிறார். குழாய்க் காட்சியில் ஆண்டர்சனின் முகத்தைக் கவனியுங்கள். பலம் காட்டுகிற முகமே இல்லை. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பாரே, அந்த முகம்.

லேசர் கதிர்களைக் கண்டுபிடிக்க சிகரெட் புகையை ஊதுவதும் நல்ல காட்சி, ஓட்டு வீட்டுக் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெயிலில் தூசி தெரிவது போலத்தான். அதன் பிறகு பைனாகுலரைப் பிரித்து அந்தக் கதிரைத் திருப்பி அனுப்பி லேசரையே எரிப்பது ரீல்.

மகனுக்குத் தொடர்ந்து காட்டுங்கள். வரிசையாகப் போக வேண்டாம், நாங்கள் பார்த்த மாதிரி நடுவில் எங்காவது ஆரம்பியுங்கள். ஆனால் அதற்கு முன் குழாய்க் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் போட்டு, அந்தக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். மூன்றரை டன் என்று நான் சொன்னதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று, மாத்திரைக் கூட்டுக்குள் சோடியத்தை வைத்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டுச் சுவரைத் தகர்க்கும் காட்சி. சுவர் தகராது. ஆனால் பாட்டில் கண்டிப்பாகத் தெறிக்கும், முகத்தில் கண்ணாடி குத்தும். எங்கள் வகுப்பில் ஒருவன் மண்ணெண்ணெய் ஜாடியிலிருந்து சுண்டுவிரல் நகமளவு சோடியத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போய் ஆய்வகத் தொட்டியில் போட்டான். அவன் புருவம் மறுபடி முளைக்க இரண்டு மாதம் ஆனது. மெக்கைவர் அப்போது எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை, அதனால் பழி அவன் மேல் இல்லை. உங்கள் ஆய்வக அலமாரிச் சாவி வீட்டில் ஆணியில் தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.