யாருடைய ஒப்பு?

அன்புள்ள சார்,

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறோம். டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு ஆனர்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டுமாம். பெரிய கல்லூரியை மேலே போட்டு அது கிடைக்காவிட்டால் மற்றதும் போய்விடுமா? இந்தி தெரியாது, சமாளிக்க முடியுமா? வரலாறு படித்தால் வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். பக்கத்து இணைய மையத்துத் தம்பிதான் எல்லாம் போட்டுத் தருகிறார், கெட்டிக்காரர். உங்கள் ஆலோசனை வேண்டும்.

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

போகாது. மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். ஆனால் ஒன்று ஒதுக்கப்பட்டால் அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் அழிந்துவிடும், மேலே போக மட்டுமே வழி உண்டு. அதனால் மெய்யாகவே எது வேண்டுமோ அந்த வரிசையில், எத்தனை முடியுமோ அத்தனை போட வேண்டும். ஏறத்தாழ 70,000 இளங்கலை இடங்கள் உள்ள பல்கலைக்கழகம் அது. நான்கு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு நகம் கடித்துக்கொண்டு இருப்பதில் அர்த்தமில்லை. 2021 வரை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, சில கல்லூரிகளில் நூற்றுக்கு நூறு கேட்டார்கள். 2022-லிருந்து க்யூட் மதிப்பெண்தான்.

இன்னொன்று. நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால் கையில் இருக்கும் நம் சாதிச் சான்றிதழ் அங்கே உதவாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் இந்த நிதியாண்டில் வாங்கியது, வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது நகர்ந்து வருவதற்குள் பல்கலைக்கழகம் கதவைச் சாத்திவிடும்.

இந்தியைப் பற்றிக் கவலை வேண்டாம். தூத்தூர்க்காரர்கள் கொச்சி முதல் குஜராத் வரை மீன்பிடிக்கப் போய் எந்த இந்தியைப் படித்துவிட்டுப் போனார்கள்? வேலை பற்றி வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும்.

சரி, எனக்கு உறுத்தியது வேறு. ‘எழுதியிருக்கிறோம்’ என்கிறீர்கள். நீங்களும் போய் எழுதினீர்களா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இணைய மையத்துத் தம்பி கெட்டிக்காரர் என்று இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களின் பயம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எது பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. வரலாறு அவள் சொன்னதா, நீங்கள் சொன்னதா, அந்தத் தம்பி சொன்னதா?

விண்ணப்பத்தில் கொடுத்திருக்கும் கைபேசி எண் யாருடையது? மின்னஞ்சல் யாருடையது? கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? நம் மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளின் வருங்காலம் ஏதோ ஒரு மையத்துக்காரரின் போனில்தான் கிடக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். இடம் ஒதுக்கினால் சில நாள்தான் தருவார்கள். அதற்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அம்போ. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஓ.டி.பி. போன இடம் மையத்துக்காரரின் போன். அவர் ஒரு கல்யாணத்துக்கு மார்த்தாண்டம் போயிருந்தார், போன் அணைந்து கிடந்தது. பையன் கடைவாசலில் சாயங்காலம் வரை குத்தவைத்து இருந்தான்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் வருகிறது என்றால், அதற்கு ஒரு கதை உண்டு.

1983-ல் நான் பிளஸ் டூ முடித்தபோது இங்குள்ள கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல்தான் வந்தது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அதனால் விண்ணப்பம் மாமாவின் பொறுப்பு. மாமா பள்ளிக்கூட வாத்தியார், எழுத்து அச்சுப்போல இருக்கும். திண்ணையில் பலகை போட்டு உட்கார்ந்து, மைப்பேனாவால் கட்டம் கட்டமாக எழுதினார். மை இழுகிவிடாமல் இருக்க, ஒவ்வொரு வரி முடிந்ததும் சாக்பீஸை அதன்மேல் உருட்டுவார். நான் பக்கத்தில் நின்று விசிறினேன். விருப்பப் பாடம் என்ற இடத்தில், என் முகத்தைப் பார்க்காமலே, கணிதம், இயற்பியல், வேதியியல் என்று இறக்கினார். எனக்கு வேண்டியது வரலாறு. சொன்னேனா? இல்லை. கடைசியில் தாளை என் பக்கம் திருப்பி, பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, “இங்க ஒப்பு போடு மக்கா” என்றார். கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் கணிதம். அரியர் மட்டும் ஐந்து.

அவர் இறந்தபின் தகரப்பெட்டியை ஒதுக்கியபோது இரண்டு ஃபுல்ஸ்கேப் தாள்கள் கிடைத்தன. என் விண்ணப்பத்தை முழுக்கப் பென்சிலால் இரண்டு முறை எழுதிப் பார்த்திருக்கிறார். தகப்பனார் தொழில் என்ற இடத்தில், முதல் தாளில் ‘பனையேற்றம்’. அதை அடித்திருந்தது. இரண்டாவதில் ‘விவசாயம்’. வீடு நின்ற இடம் போக எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அவர்மேல் கோபப்பட முடியவில்லை. ஆனாலும் அந்த ஐந்து அரியரையும் உட்கார்ந்து எழுதியது நான்தான்.

நீங்களும் அந்த மாமாவைப் போல நல்லவர்தான். தெரிகிறது. இன்றைக்கே கடவுச்சொல்லை வாங்கி அவள் கையில் கொடுங்கள். எண்ணை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். வரிசையை அவளே போடட்டும். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது வேண்டுமானால் உங்கள் வேலை.

மிராண்டா ஹவுஸா, இந்து கல்லூரியா, ராம்ஜாஸா என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டும் என்றால் அவளே எனக்கு எழுதட்டும். நீங்கள் வாசித்துத் திருத்தி அனுப்ப வேண்டாம். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.