சேலத்து மொட்டை மாடிக்கு மண்ணா, ஹைட்ரோபோனிக்ஸா?

ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் மண்ணே இல்லாமல், சத்து உப்புகள் கரைத்த தண்ணீரில் வேரை விட்டுச் செடி வளர்ப்பது. மண் சத்தையும் ஈரத்தையும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், மளிகை நிரப்பிய வீடு மாதிரி; இதுவோ மெஸ் சாப்பாடு, கரண்ட் போய், குழாயில் தண்ணீரை ஓட்டும் பம்பு நின்றால் வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே குழாயில் இருக்கும் கீரை தலை சாய்ந்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் தொட்டி சூடானால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று அழுகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) அளவை 5.5 முதல் 6.5-க்குள் நிறுத்துவதும் ஓயாத வேலை. தக்காளி, கத்திரிக்குச் செம்மண்ணும் தொழுவுரமும் போதும் என்பேன். ஏற்காட்டுக் குளிரில் லெட்யூஸ் என்ற சாலட் கீரை போட ஆசையா, சரி, தாராளமாகத் தண்ணீர் முறைக்குப் போகலாம். அப்புறம், இதற்குத் தண்ணீர் அதிகம் செலவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் மண்ணைவிடக் குறைவாகத்தான் ஆகும்.