அமெரிக்கப் பள்ளிகளில் 'எத்னிக் ஸ்டடீஸ்' (கறுப்பர், லத்தீனோ, ஆசிய வம்சாவளியினர், பூர்வகுடிகள் ஆகியோரின் வரலாறும் பண்பாடும்) தனிப் பாடமாக வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள்?

வரலாற்றுப் பாடம்தான் இருக்கிறதே, இது வேறு எதற்கு என்கிறீர்கள். அந்த வரலாற்றில் எங்கள் தாத்தா பாட்டி எங்கே என்பதுதான் அந்தச் சமூகத்தினரின் கேள்வி. 1968-இல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் ஏறக்குறைய ஐந்து மாதம் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடித்தான் இதற்கென்று தனித் துறையே வாங்கினார்கள். பள்ளிக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

அரிசோனாவின் டூசான் கதையைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் நடந்த மெக்சிகன் அமெரிக்கப் பாடத்தைக் குறிவைத்து 2010-இல் மாநிலம் சட்டம் போட்டது; 2012-இல் வகுப்புகள் நின்றன. அதன் பின்னால் இருந்தது இனவெறுப்பு என்று 2017-இல் நீதிபதி வாலஸ் தஷிமா தீர்ப்பளித்தார். ஜப்பானிய வம்சாவளியினரான அவர், சிறுவயதில், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய அமெரிக்கர்களுக்காக அதே அரிசோனாவில் வைத்திருந்த தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர்!

சரி, படிப்புக்கு உதவுமா? சான் பிரான்சிஸ்கோவில் மதிப்பெண் குறைந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இதில் சேர்த்தபோது, வருகை 21 சதவீதப் புள்ளி கூடியதாக ஒரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு சொல்கிறது. ஒரே நகரத்து ஆய்வு; அதை மட்டும் நம்பி நான் வாதாட மாட்டேன்.

கலிபோர்னியா 2021-இல் பள்ளிப்படிப்பை முடிக்க இது கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. ஆனால் நிதி ஒதுக்கினால்தான் அமலாகும் என்று ஒரு நிபந்தனையையும் அதிலேயே செருகிவிட்டார்கள்.