செடி செழிக்குது, கச்சான் பொக்காகுது: எந்தச் சத்துக் குறைவு?

கேள்வி: வாகரைப் பக்கம் மணல் தரையில் அரை ஏக்கர் கச்சான் (நிலக்கடலை) செய்தேன். யூரியாவும் எம்ஓபி என்ற பொட்டாசியப் பசளையும் இரண்டு தரம் போட்டேன். செடி கரும்பச்சையாக வந்தது. பிடுங்கினால் பாதிக்கு மேல் பருப்பில்லாத பொக்கு. என்ன பசளை விடுபட்டது?

பதில்: பெரும்பாலும் கல்சியம். ஊகத்தில் விடாமல் பருப்பிலேயே பார்த்துவிடலாம். நிரம்பிய கோதுகளில் இருபதை உடைத்து, பருப்பை இரண்டாகப் பிளவுங்கள். ஒரு நுனியில் சின்னதாக முளைக்குருத்து ஒட்டியிருக்கும். அது வெளிறிய நிறத்தில் இல்லாமல் கறுத்திருந்தால் கல்சியக் குறைதான். குருத்து நன்றாக இருந்து, பிளந்த உட்பக்கம் நடுவில் குழிந்து பழுப்பேறியிருந்தால் போரன் குறை. இரண்டுமே இல்லாமல் பொக்கு மட்டும் என்றால், காய் பிடிக்கும் நாட்களில் தண்ணீர் போதாமல் போயிருக்கலாம்.

வேர் உறிஞ்சும் கல்சியம் தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும். அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்காது. மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு, இலையைப் போல நீரை ஆவியாக வெளிவிடும் நீராவிப்போக்கு இல்லை என்பதால் வேரின் பங்கு அதற்கு வந்து சேராது. ஆகவே காய் தன் கோதின் தோலாலேயே, தன்னைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று அங்குல மண்ணிலிருந்து கல்சியத்தை எடுக்கிறது. உங்கள் கரையோர மணலில் அது தங்காது, மழையோடு கீழே போய்விடும். மேலே தூவிய எம்ஓபி வேறு அதே மேல்மண்ணில் பொட்டாசியத்தைக் கூட்டி, கல்சியம் காய்க்குள் போவதை மறித்திருக்கும். இலை செழித்ததற்குக் காரணம் யூரியா. கச்சானுக்கு வேர் முடிச்சுகளே நைதரசன் தேடிக் கொடுக்கும். யூரியா கூடினால் முடிச்சும் குறையும்.

அடுத்த போகத்தில் எம்ஓபி முழுவதையும் அடிக்கட்டாகவே, அதாவது விதைக்கு முன்னரே போட்டு, உழவோடு ஆழத்தில் கலந்துவிடுங்கள். பூத்த பிறகு அதைத் தொடவே வேண்டாம். கல்சியம் தரும் ஜிப்சம் ஏக்கருக்கு 100 கிலோ, உங்கள் அரை ஏக்கருக்கு 50 கிலோ மூட்டை ஒன்று. விதைத்து 25, 30 நாளில் பூ தொடங்கும்போது, இலையில் பனி காய்ந்த பின், வரிசையின் இரு பக்கமும் செடியடியை ஒட்டித் தூவி, களை எடுத்து, லேசாக மண் அணைக்க வேண்டும். தண்டின் அடியை மண்ணால் மூடிவிடாதீர்கள், அழுகல் நோய் பிடிக்கும். பூ வாடி ஊசி போன்ற விழுதுகள் மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டால் மண்வெட்டி வேண்டாம். புல்லைக் கையால் பிடுங்குங்கள்.

நாள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். அடிக்கட்டிலேயே ஜிப்சம் போட்டால் காய் வருமுன் மாரி மழை அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். 60 நாளில் போட்டால் முதலில் பிடித்த காய்களுக்கு அது உதவாது. தூவியபின் பெருமழை கொட்டினால் ஒரு வாரத்துக்குள் பாதியளவு இன்னொரு தரம் போடலாம். மழையே இல்லாவிட்டால் தண்ணீர் கட்டுங்கள். கரையாத ஜிப்சம் காய்க்குள் போகாது. இலைக்கு அடிக்கும் கல்சியத் திரவங்கள் விற்கிறார்கள். மேலே சொன்ன காரணத்தால் இதற்கு அது வீண் செலவு. டொலமைற்று என்ற சுண்ணக்கல் தூள் மெதுவாகக் கரைவது, பூக்கும் நேரத்துக்கு உதவாது. அமில மண்ணென்று பரிசோதனையில் தெரிந்தால் விதைக்கு முன்னரே போடலாம்.

போரன் குறைதான் என்றால் ஏக்கருக்கு 2 கிலோ போராக்ஸை மணலில் கலந்து அடிக்கட்டோடு சீராகத் தூவுங்கள். அளவு கூடினால் இலை ஓரம் கருகும்.

இப்போது பிடுங்கியதில் நிரம்பிய கோதுகளை உண்ணவோ விற்கவோ வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கு மட்டும் எடுக்காதீர்கள், குருத்துக் கறுத்த பருப்பு சரியாக முளைக்காது. விதையை வேறிடத்தில் வாங்கினாலும் ஈரத்துணியில் 50 பருப்பை முளைக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். 40க்குக் கீழே போனால் அந்த விதை வேண்டாம்.